இந்த முறை நடந்தே ஏறுகிறேன்

அன்பு முரளிக்கு,

நேற்று சாயங்காலம் நீ போன் செய்தபோது நான் சரியாகப் பதில் சொல்லாமல் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. போனில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை அது. நான் ஆரம்பித்தால் நீ நடுவில் நாலு தடவை "சரிப்பா, சரிப்பா" என்பாய், நானும் பாதியிலேயே விட்டுவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கல்யாண வேலை கழுத்துவரை இருக்கிற நேரத்தில் இவ்வளவு நீளமாக ஒரு கடிதமா என்று சலித்துக்கொள்ளாதே. ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். ஆபீஸ் வண்டியில் போகும்போது கொஞ்சம், வரும்போது கொஞ்சம் என்று படி. ஆனால் முழுசாகப் படி.

"புனேக்கு ஃப்ளைட் டிக்கெட் போட்டுட்டேன்பா. போன வாட்டி மாரியே உனக்கும் அம்மாவுக்கும் ரெண்டு வீல்சேர் போட்டிருக்கேன். லைன்ல நிக்க வேணாம், மொத ஆளா ஏறி உக்காந்துக்கலாம்" என்றாய். உன் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஏர்போர்ட்டே பார்க்காத அப்பாவும் அம்மாவும் சென்னையில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தவிக்கக் கூடாது என்றுதான் போன வருஷமும் அப்படிச் செய்தாய். உன் அம்மாவுக்கு அது வேண்டும். அவளுடைய வலது முழங்கால் தேய்ந்துபோயிற்று, பத்து நிமிஷம் நின்றால் முகம் சுருங்கிவிடும். எனக்கு என்ன கேடு? தினமும் காலையில் கோமுகி ஆற்றுப் பாலம் வரை நடந்து போய்த் திரும்புகிறவன். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது பொய். நீ சொல்லி நான் உட்கார்ந்தேன் என்று உன் தலையில் போட மாட்டேன். எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. அதனால்தான் உட்கார்ந்தேன்.

உன் கம்ப்யூட்டர் வேலையைப் பற்றி நான் என்றாவது வாயைத் திறந்திருக்கிறேனா? எனக்கு அது தெரியாது. ஆனால் யார் உட்கார வேண்டும், யார் நிற்க வேண்டும் என்கிற இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து நான் செய்தது அதைத்தான். டிக்கெட் கிழிப்பது அதில் பாதி வேலைகூட இல்லை. துண்டைப் போட்டு சீட் பிடிக்கிறவன், ஜன்னல் வழியாகக் குழந்தையை உள்ளே இறக்கி இடம் பிடிக்கிறவள், மூன்று பேர் சீட்டில் காலை அகட்டி உட்கார்ந்து இரண்டு பேர் சீட்டாக ஆக்குகிறவன், எல்லாரையும் பார்த்தவன் நான். அதில் நான் செய்த தப்பும் இருக்கிறது. அதை இதுவரை உனக்குச் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு முன்பு நான் வெள்ளிமலை வண்டியில் இருந்தேன். கள்ளக்குறிச்சி ஸ்டேண்டில் கிளம்பி, வடக்கனந்தல், கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற வண்டி. அப்போது மலைக்கு வண்டி கம்மி. ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று எங்களுக்கே நிச்சயமாகத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு, தாலுக்கா ஆபீசுக்கு, சந்தைக்கு என்று கீழே இறங்கி வந்த மலை ஜனங்கள் எல்லாரும் மத்தியானம் அந்த ஒரு வண்டிக்காக வெயிலில் நிற்பார்கள். வண்டியை டிப்போவிலிருந்து ஸ்டேண்டுக்குக் கொண்டுவருவோம். அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் என் தப்பு நடந்தது. டிப்போ வாசலிலேயே எனக்கு வேண்டியவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இரண்டு பேர், கடுக்காய் வியாபாரி ஒருவர், அவர் கூட நாலு பேர், ஆபீஸ் ஆட்கள் சிலர். நல்ல மனிதர்கள்தான். பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பார்கள், மலைத்தேன் கொண்டுவந்து கொடுப்பார்கள், "கண்டக்டர் சார்" என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள். நான் அங்கேயே கதவைத் திறந்து அவர்களை ஏற்றிக்கொள்வேன். அவர்கள் பின்னாலேயே அவர்களுக்குத் தெரிந்தவர்களும் ஏறுவார்கள். வண்டி ஸ்டேண்டுக்கு வரும்போது மூட்டைக்கும் படிக்கட்டுக்கும் மட்டும்தான் இடம் மிச்சம் இருக்கும். இதை நான் பெரிய விஷயமாக நினைத்ததே இல்லை. தெரிந்தவர்களுக்கு ஒரு உதவி, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பிரசவம் முடிந்து எட்டு நாளான ஒரு பெண், கைக்குழந்தையோடு ஏறினாள். கூட அவள் புருஷன். பெரியாஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குப் போகிறார்கள். அவன் என்னிடம் வந்து, "அண்ணே, இவள மட்டும் ஒரு ஓரமா உக்கார வைக்க முடியுமா? தையல் போட்டிருக்குது" என்று கேட்டான்.

"எல்லா சீட்டும் ரொம்பிப் போச்சு, நான் இன்னா பண்ணட்டும்? கம்பிய புடிச்சிக்கினு நிக்கச் சொல்லு. மலை எறங்கறப்பதான் கஷ்டம், ஏறறப்ப ஒண்ணும் ஆவாது" என்றேன்.

முன் சீட்டில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானே ஏற்றி உட்கார வைத்த ஆட்களை நானே எப்படி எழுப்புவது? அவர்களும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்கள். மலை ஏறி மூன்றாவது வளைவோ நாலாவது வளைவோ, டிரைவர் கோவிந்தன் அண்ணன் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி பிரேக் போட்டார். அந்தப் பெண் கம்பியை விட்டுவிட்டாள். விழும்போது குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு விழுந்தாள், முரளி. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. இவள் இடுப்பு சீட்டுக் கால் இரும்பில் மோதியது. சேலையில் ரத்தம் வந்துவிட்டது. கடைசி சீட்டிலிருந்து ஒரு மலைக்காரர் எழுந்து வந்து தன் இடத்தைக் கொடுத்தார். மலைமேல் கரியாலூரில் இறக்கி, அங்கிருந்த நர்ஸம்மாவைக் கூப்பிட்டு ஒப்படைத்தோம். நான் விசில் கொடுக்கப் போகும்போது அவள் புருஷன் படிக்கட்டின் கீழே நின்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணே, நாங்க பதினோரு மணியிலருந்து ஸ்டேண்டுல நிக்கறோம். வண்டி அப்பதான் வந்துது. அதுக்குள்ள எப்பிடிண்ணே ரொம்பிச்சு?"

சண்டை போடுகிற குரல் இல்லை அது. உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவன் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூட நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன். வண்டியை எடுக்கச் சொல்லி விசில் ஊதினேன். அதுதான் நான் சொன்ன பதில். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பிரிந்த தையலை மறுபடி போட்டு, ஒரு மாதம் படுக்கையில் இருந்து எழுந்தாள் என்று பின்னால் அவன் வண்டியில் வந்தபோது சொன்னான். நானாகப் போய்க் கேட்டதால் சொன்னான்.

மறுநாள் டிப்போவில் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். கோவிந்தன் அண்ணன் திரும்பிப் பார்த்து, "இன்னாய்யா, இன்னிக்கி யாரையும் ஏத்தலியா? வாத்தியாரு நிக்கறாரு பாரு" என்றார். "ஸ்டேண்டுக்குப் போண்ணே, அங்க வந்து ஏறட்டும்" என்றேன். வாத்தியார் ஸ்டேண்டுக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து, "ஒரு வருசமா அங்கதான ஏறிக்கினு இருக்கோம்? திடீர்னு இன்னா புதுச் சட்டம்?" என்று சத்தம் போட்டார். "புதுசு இல்லீங்க சார், பழைய சட்டந்தான். உங்களுக்கு முன்னாடி நிக்கறவங்க ஏறட்டும், அப்புறம் நீங்க ஏறுங்க" என்றேன். மலைத்தேன் நின்றுபோனது. யாரோ என் மேல் மொட்டைக் கடிதம் போட்டார்கள். மூன்றே மாதத்தில் என்னைத் திருக்கோவிலூர் வண்டிக்கு மாற்றினார்கள். உன் அம்மா, "நல்லதுதான் பண்ண, வுடு. வூட்டுக்கு நேரத்துக்கு வருவ" என்றாள். நிஜமாகவே நேரத்துக்கு வர முடிந்தது.

இதோடு நிறுத்தினால் நான் ஏதோ பெரிய நியாயஸ்தன் மாதிரி ஆகிவிடும். திருக்கோவிலூர் வண்டியில் நான் இன்னொரு தப்பு செய்தேன். மலை வண்டியில் நடந்ததற்குப் பிறகு எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. முன் இரண்டு சீட்டில் நல்ல உடம்போடு யார் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பிவிடுவேன். தியாகதுருகத்தில் ஒரு நாள் ஒரு பெரியவர் ஏறினார். முன் சீட்டில் முப்பது வயது ஆள் ஒருவர், நல்ல வாட்டசாட்டம். "யோவ், கல்லு மாரி உக்காந்துக்கினு இருக்க, பெரியவரு நிக்கறாரு, கண்ணு தெரியல?" என்றேன், வண்டியே திரும்பிப் பார்க்கும்படி. அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். திருக்கோவிலூரில் எல்லாரும் இறங்கிய பிறகு அவர் மட்டும் படிக்கட்டருகே அசையாமல் நின்றார். "எறங்கலியா?" என்று கிட்டே போனேன். உதடெல்லாம் வெளுத்திருந்தது. வயிற்றில் ஆபரேஷன் செய்து இருபது நாள்கூட ஆகவில்லையாம். "சொல்லியிருக்கலாமேய்யா" என்றேன். "எல்லாரு முன்னாடியும் சட்டையத் தூக்கிக் காட்டவா சொல்றீங்க?" என்று கேட்டார். ஒரு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். அதற்குமேல் என்னால் செய்ய ஒன்றும் இல்லை.

அதனால் உனக்கு நான் சொல்லப்போவது, பொய் சொல்லி முன்னால் ஏறுகிறவர்களையெல்லாம் கண்டுபிடித்துக் கேள் என்பது இல்லை. ஒருவரைப் பார்த்து அவருக்கு என்ன நோவு என்று கண்டுபிடிக்க முப்பத்தொரு வருஷ அனுபவத்திலும் எனக்குத் தெரியவில்லை, உனக்கும் தெரியாது. அடுத்தவர் கால் உனக்குத் தெரியாது. உன் கால் உனக்குத் தெரியும். அவரவர் தன் காலைப் பற்றி உண்மை சொன்னால் போதும், ஏர்போர்ட் கேட்டில் நின்று ஆட்களை ஏற்றிவிடுகிற பெண்களுக்கு வேலை சுலபமாகிவிடும்.

இனி விமானத்துக்கு வருகிறேன். போன வருஷம் நாங்கள் முதல் தடவை புனே வந்தோமே, அன்றைக்கு நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டேன்.

சென்னையில் கவுன்ட்டரில் எங்கள் பெயரைச் சொன்னதும் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்தார்கள். என்னைத் தள்ளியவருக்கு என் வயதில் முக்கால் இருக்கும். நான் உட்கார்ந்ததும் கால் வைக்கிற பலகையை அவரே குனிந்து இறக்கிவிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. கவுன்ட்டருக்குப் பக்கத்தில், பெட்டி தள்ளுகிற வண்டியின் விளிம்பில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கலாம். ஒரு கை தன் இடுப்பில், இன்னொரு கை பக்கத்தில் நின்ற புருஷன் சட்டையில். உன் அம்மாதான் கேட்டாள், "அவங்களுக்கு சேர் இல்லியாங்க?" என்று. "இருக்கற சேரெல்லாம் போயிருக்குதும்மா. உங்கள வுட்டுட்டு வந்து அவங்களக் கூட்டிக்கினு போவேன்" என்றார் தள்ளினவர். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். அப்புறம் நாற்காலி உருண்டு போய்விட்டது. செக்கிங்கில் வரிசை இல்லை, வாசலில் வரிசை இல்லை. நூறு பேர் நிற்க, நாங்கள் முதலில் போனோம். அந்த நூறு பேரும் ஒதுங்கி வழிவிட்டபோது மனசுக்குள் எப்படி இருந்தது தெரியுமா? டிப்போவில் என் வண்டியில் ஏறினவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ரொம்ப நன்றாக இருக்கிறது, முரளி. அதுதான் அதில் இருக்கிற ஆபத்து.

உள்ளே போய் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஏறினவனுக்கு ஜன்னல் என்று பஸ் பழக்கத்தில் ஜன்னலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா நடுவில். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து, "சார், ஜன்னல் என்னோடது" என்றாள். சீட்டுக்குச் சீட்டு நம்பர் எழுதியிருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், "சின்னப் பொண்ணு, அந்த ஓரத்துல உக்காந்துக்கோயேம்மா, நாங்க வயசானவங்க" என்றேன். அவள், "சாரி சார், எனக்கு இதுதான் வேணும்னு முன்னாடியே எடுத்தேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் முனகிக்கொண்டே எழுந்து ஓரத்துக்கு வந்தேன். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு..." என்று ஆரம்பித்ததும் உன் அம்மா என் தொடையில் ஒரு இடி இடித்தாள். "அவ சீட்ட அவ கேட்டா. இதுல இன்னா இருக்குது? நீ கண்டக்டரா இருந்தா யாரை எழுப்பியிருப்ப?" நான் பெல்ட்டைத் தேடி மாட்டிக்கொண்டேன். ஒருவரிடம் இடம் மாறிக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம், தப்பில்லை. முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது. கேட்கிறவன் தன்னிடம் இருக்கிற நல்ல இடத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும், மட்டமான இடத்தைத் தள்ளிவிடுவதற்காகக் கேட்கக் கூடாது. நாளைக்கு நீயும் மருமகளும் எங்கேயாவது போகும்போது சீட் தனித்தனியாக விழுந்தால் இதை நினைத்துக்கொள். இரண்டு மணி நேரம் தனித்தனியாக உட்கார்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

எல்லாரும் ஏறி, தலைக்கு மேலே பெட்டிகளையெல்லாம் அடைத்து முடித்த பிறகு, கடைசியாக அந்த அம்மா வந்தார். நாற்காலி விமானத்தின் வாசலோடு சரி, உள்ளே நடக்க வேண்டும். அவர் சீட் இருபதாவது வரிசைக்குப் பக்கம். முன்னாலேயே வந்திருந்தால் காலியான வழியில் மெதுவாக நடந்து போயிருப்பார். இப்போது வழியெல்லாம் முழங்காலும் முழங்கையும். ஒவ்வொரு சீட்டின் தலையையும் பிடித்துப் பிடித்து, புருஷன் பின்னால் தாங்க, வந்தார். யாரோ, "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று சலித்துக்கொண்டார்கள். என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் என் தோளுக்குப் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. இருபதாவது வரிசைக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

புனேயில் இறங்கும்போது நாற்காலிக்காரர்கள் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார்கள். சென்னையில் எங்களோடு நாற்காலியில் வந்த மற்ற நாலு பேரும், கதவு திறந்ததுதான் தாமதம், பெட்டியைத் தலைக்கு மேலிருந்து தாங்களே இறக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்கள். கடைசியில் மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர், அவர்கள் இரண்டு பேர். அந்த அம்மாவின் புருஷன் என்னிடம் வந்து பேச்சுக் கொடுத்தார். "பாத்தீங்களா சார்? நாலு பேரும் எப்படி நடந்து போறாங்க? இவளுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம்தான் ஆவுது. அங்க முக்கால் மணி நேரம் உக்கார வெச்சிட்டாங்க. மனசாட்சி வேணாம்?" என்றார். நான் இரண்டு காலையும் ஊன்றி அவர் முன்னால் நின்றுகொண்டு, தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

வாசலில் இரண்டு நாற்காலிகள் வந்தன. பட்டியலில் இருந்தபடி உன் அம்மா பெயரையும் என் பெயரையும் கூப்பிட்டார்கள். "ரெண்டாவது அந்தம்மாவுக்குக் குடுங்க" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, "உங்களுக்குங்க?" என்று கேட்டார். "எனக்கு வேணாம்மா. எனக்கு எப்பவுமே வேணாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் காலைப் பார்த்தார். புரிந்துகொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் புருஷனுக்குப் புரிந்ததா, தெரியாது. எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நடந்தேனே, அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த தண்டனை.

வெளியே நீ, "ஏம்பா இவ்ளோ லேட்டு? வீல்சேர் போட்டா சீக்கிரம் வுட்டுடுவாங்களே" என்று சிரித்தாய். "அது ஒண்ணும் இல்ல" என்றேன். ராத்திரி சாப்பிடும்போது லேசாக ஆரம்பித்தேன். "எல்லாரும் இப்பிடித்தாம்பா பண்றாங்க. நாம மட்டும் நியாயம் பாத்தா நாமதான் கடைசில நிப்போம்" என்றாய். நான் அப்படியே விட்டுவிட்டேன். நீ சொன்னது பொய் இல்லை. நாம் கடைசியில் நிற்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் விமானத்தில் கடைசியாக ஏறினாலும் உன் சீட் உனக்காகக் காலியாக இருக்கிறது, முரளி. என் வண்டியில் அந்த வசதி இல்லை. அங்கே முந்தினால்தான் உட்கார முடியும் என்று ஜனங்கள் முந்தினார்கள். இங்கே நம்பர் போட்ட சீட்டுக்கு எதற்கு முந்த வேண்டும்? பெட்டி வைக்கவா? பெட்டியைச் சின்னதாக எடுத்துப் போ, காலுக்குக் கீழே வை.

இன்று காலை நானே அந்த விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைக்கழித்த பிறகு தமிழ் பேசுகிற ஒரு பெண் வந்தாள். என் பெயரில் இருக்கிற நாற்காலி வேண்டாம், என் மனைவிக்கு மட்டும் போதும் என்றேன். "சார், நீங்க நடந்துடுவீங்களா?" என்று கேட்டாள். "நல்லா நடப்பேம்மா. அவங்கள வுட்டுப் பிரிஞ்சா எங்க போறதுன்னு தெரியாது, அதான் பையன் எனக்கும் சேத்துப் போட்டுட்டான்" என்று உண்மையைச் சொன்னேன். அவள், "அதுக்கு எதுக்கு சார் வீல்சேர்? மேடத்துக்குத் துணையா நீங்க கூடவே நடந்து போலாம். உங்களையும் அவங்களோடவே ஏத்துவாங்க. தனியா வர்ற பெரியவங்களுக்கு வழி தெரியலன்னாகூட ஆள் அனுப்பச் சொல்லிக் கேக்கலாம்" என்றாள். ஒரு வருஷமாக மனசில் வைத்துக் குமைந்த விஷயம், ஒரு கேள்வியில் முடிந்துபோயிற்று. போன தடவையே நாம் இரண்டு பேரில் ஒருவர் இதைக் கேட்டிருக்கலாம். நமக்குக் கேட்கத் தோன்றவில்லை, பொய் சொல்லத்தான் தோன்றியது. உன் மேலேயும் என் மேலேயும் எனக்கு இருக்கிற வருத்தம் இது ஒன்றுதான். அதனால் உன் அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் டிக்கெட் போடும்போது நாற்காலி போடாதே. வழிகாட்ட ஆள் கேள்.

எழுதி முடித்ததை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அந்த அம்மா என் காலைப் பார்த்த இடம் வந்ததும், "அவங்களுக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"ஃப்ளைட்டுல பாத்ரூம் போறப்ப அவங்களப் பாத்தேன் இல்ல? நான்தான் சொன்னேன். எங்க வூட்டுக்காரருக்குக் கால் நல்லாத்தான் இருக்குது, பையன் ஆசப்பட்டு போட்டுட்டான், மன்னிச்சுக்கோங்கக்கான்னு."

ஒரு வருஷம் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள், பார். "அவங்க இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னாள். "‘நாலு வருசத்துக்கு முன்ன நான் நல்லா ஓடிக்கினு இருந்தப்ப, எங்க வூட்டுக்காரரும் எனக்கு சேர் போட்டுத்தாங்க ஏத்தனாரு. அப்ப யாரு காத்துக்கினு இருந்தாங்களோ தெரியல’ன்னாங்க. சொல்லிட்டு என் கைய புடிச்சிக்கினாங்க."

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்து சேருவோம். அம்மாவுக்கு நாற்காலி வருகிறவரை உள்ளே உட்கார்ந்திருப்போம். லேட்டாகும். பதறிப்போய்ப் போன் செய்யாதே, வெளியே நில்.

உன் அப்பா